ஏழு நாளும் பத்து ஆண்டும்: குறுங்கோள்களை விலக்கும் வழிகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாவில் பேச அழைத்த நண்பர்கள் பொருளைத் தேரும் உரிமையை எனக்கே விட்டுவிட்டனர். வானிலிருந்து பூமியை நோக்கி வரும் கல்லை வழிவிலக்குவது எப்படி என்பது பற்றிப் பேசுகிறேன் என்றதும் அவர்கள் சற்றே தயங்கினர். கம்பனும் பாரதியும் இருக்கக் கல்லைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேளாமல் கேட்டனர். காரணம் உங்கள் கவிதைகளே. நம் கவியரங்குகளில் வானத்துக் கல் அடிக்கடி வருகிறது. வரும்போதெல்லாம் அது ஊழாகவே வருகிறது. தடுக்க இயலாதது, கெஞ்சினாலும் நில்லாதது, வந்தே தீரும் முடிவு என்னும் பொருளில்தான் நாம் அதை ஆள்கிறோம். இயற்கை நமக்கு இழைக்கும் கேடுகளுள் முன்னரே கண்டு, கணக்கிட்டு, வாராமலே திருப்பிவிடக் கூடியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். புயலை எவரும் தள்ள முடியாது. 2018 நவம்பரில் கஜா நம் சிறுமலையையும் கொடைக்கானல் மலையையும் அலைத்துச் சென்றபோது நாம் கதவை அடைத்துக்கொண்டிருந்தோம். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை. நிலநடுக்கத்துக்கு முன்னறிவிப்பே கிடையாது. கல்லின் நிலை வேறு. அதன் பாதை கணக்குக்கு அடங்கியது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இலக்கிய வட்டத்தில் அது கடமை. இரவில் கோடிழுத்தாற்போல் ஒளிர்ந்து மறைவது எரிமீன். சங்கச் சான்றோர் இதற்கு உற்கம் என்னும் சொல்லையும் ஆண்டனர். கோவூர் கிழாரின் புறநானூற்று 41ஆம் பாடலில் அது தீநிமித்தங்களுள் ஒன்றாக வருகிறது. எரிந்து தீராமல் மண்ணில் வந்து விழுவது விண்கல். ஞாயிற்றைச் சுற்றிக்கொண்டு விண்வெளியிலேயே திரியும் பெரும்பாறை குறுங்கோள். வால்மீன் வேறு, அது பனியும் தூசும் கலந்தது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் தூமகேதுவை மறந்திருக்க மாட்டார்கள். இன்று நாம் பேசப்போவது குறுங்கோளைப் பற்றி.

புறநானூற்றில் 229ஆம் பாடலை இங்கே நினைவூட்டுகிறேன். பாடியவர் கூடலூர் கிழார். கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைந்தபோது பாடியது. பங்குனித் திங்களில் ஓர் இரவு விண்மீன் ஒன்று வீழக் காண்கிறார் புலவர். கண்டதும் அரசனுக்குக் கேடு வருமோ என்று அவரும் பிறரும் அஞ்சுகின்றனர். ஏழாம் நாள் அரசன் இறந்துபடுகிறான். கையறுநிலைப் பாடல் என்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. எந்தத் திங்கள், எந்த விண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறையும் நிலையில் இருந்தது, வீழ்ந்த மீன் எத்திசைகளில் செல்லவில்லை என்பதையெல்லாம் புலவர் குறிக்கிறார். நிமித்தம் பார்த்தவர் என்று அவரை ஒதுக்கிவிட வேண்டா. வானத்தை நோக்குவதற்கு வேண்டிய ஒழுங்கு முழுதும் அவரிடம் இருந்தது. அவரிடம் இல்லாதது காலம். ஏழு நாளில் அவரால் அஞ்ச மட்டுமே முடிந்தது. எரிமீனுக்கும் அரசன் சாவுக்கும் தொடர்பில்லை என்பது நமக்குத் தெரியும். ஆயினும் அந்த ஏழு நாளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பொருள் நம் ஊருக்கு அயலானது அன்று. திண்டுக்கல் சமவெளியில் எங்கு நின்று மேற்கே நோக்கினாலும் பழனி மலைத்தொடர் தெரிகிறது. 1898இல் அம்மலையில் இரும்புக் கட்டி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. எடை ஏறத்தாழ 16 கிலோ. உலக விண்கல் பட்டியல்களில் அதன் பெயர் 'கொடைக்கானல்'. நம் மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. ஆகவே பழைய நூல்கள் அதை மதுரை மாவட்டக் கல் என்று குறிக்கும். அக்கல்லை நம்மூர்க்காரர்கள் அறியாமல் இருக்க, அயல்நாட்டு ஆய்வாளர்கள் நன்கறிவார்கள். இரும்புக்குள்ளே சிலிக்கேட்டுத் திவலைகள் சிறைப்பட்டிருக்கும் அரிய வகை அது. பெரும்பாலான விண்கற்களின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. இதன் சிலிக்கேட்டுப் பகுதியோ சுமார் 370 கோடி ஆண்டுக்கு முன் உருகி இறுகியது. ஞாயிற்றுக் குடும்பம் பிறந்து எண்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அந்த இரும்பை மறுபடி உருக்கியது எது? குறுங்கோளோடு குறுங்கோள் மோதிய மோதல் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஒரு பெருமோதலின் சான்று நம் மலையில் வந்து கிடந்திருக்கிறது. இதைப் பாடிய கவிஞர் எவரையும் நான் இன்னும் கேட்கவில்லை.

அந்தக் கல் கிடைத்த மறு ஆண்டு, 1899இல், கொடைக்கானல் வானாய்வகம் பணி தொடங்கியது. அதன் தாய் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகம். அங்கே 1792இல் நிறுவிய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதல் ஊன்றியவர்கள் தாங்களே என்னும் பொருள்பட ஆங்கிலேயர் அதில் பொறித்தனர். பஞ்சாங்கம் கணித்த நம் முன்னோர் அதைப் படித்துச் சிரித்திருப்பர், அது கிடக்கட்டும். 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் என்பார் அங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் குறுங்கோள் ஆதலால் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டனர். 1864இல் இன்னொன்று, அதற்கு வைத்த பெயர் 'சாப்போ'. கிரேக்க மொழியின் பெரும் பெண்பாற் புலவர் அவர். சென்னை வானத்தில் கண்ட கோளுக்கு ஒரு கவிஞரின் பெயர் அமைந்தது நமக்கு மகிழ்ச்சி தருவது. ஒளவையின் பெயரை எவரேனும் சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கமும் உடன் எழுகிறது. பிறகு 'சில்வியா', 'கமில்லா', கடைசியாக 1885இல் 'வீரா'. இருபத்துநான்கு ஆண்டில் ஐந்து. அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியாரையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

அதன்பின் ஒரு நூற்றாண்டு இடைவெளி. 1988 பிப்ரவரி 17 அன்று, சவ்வாது மலையை அடுத்த காவலூர் வானாய்வகத்தில் இரா. இராசமோகன் ஒரு புதிய குறுங்கோளைக் கண்டார். கணித மேதையின் நினைவாக அது 'இராமானுசன்' ஆயிற்று; பட்டியலில் அதன் எண் 4130. பூமியை அணுகும் கற்களைத் தேட அங்கே மேற்கொண்ட திட்டத்துக்கு அறிவியலார் வைத்த பெயர் 'கல்கி'. அச்சொல்லைக் கேட்டதும் நம்மவர்க்கு வார இதழ் நினைவுக்கு வரும். அவர்கள் கருதியது யுகமுடிவில் வரும் அவதாரத்தை. பெயர் வைத்தவர்க்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

இனிக் கேட்டின் அளவு. இதை விரைந்து சொல்லிவிடுகிறேன். அச்சமூட்டுவது என் நோக்கம் அன்று. 6.6 கோடி ஆண்டுக்கு முன் பத்துக் கிலோமீட்டர் அளவுள்ள கல் மெக்சிகோவில் வீழ்ந்து டைனோசர்களின் காலத்தை முடித்தது. நம் நாட்டில், மராட்டிய மாநிலத்து லோனார் ஏரி 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள மோதற் பள்ளம். 1908இல் சைபீரியாவின் துங்குசுகாவில் வானத்திலேயே வெடித்த ஒரு பொருள் ஏறத்தாழ 2000 சதுர கிலோமீட்டர்க் காட்டைச் சாய்த்தது. 2013 பிப்ரவரி 15 அன்று உருசியாவின் செல்யாபின்சுகு நகர்மீது வெடித்தது 20 மீட்டர்க் கல்தான். காயமுற்றோர் ஏறத்தாழ 1500 பேர். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகள் கிழித்த காயங்கள். வானத்தில் பேரொளி, மக்கள் சன்னலருகே ஓடிவந்து பார்க்கின்றனர், ஒளிக்குப் பின் சற்று நேரம் கழித்தே அதிர்வலை வந்து சன்னலை நொறுக்குகிறது. பேரொளி தோன்றினால் சன்னலை விட்டு விலகுங்கள் என்பது கவிஞர்களுக்கு நான் தரும் ஒரே உலகியல் அறிவுரை. நீங்கள்தாம் முதலில் சன்னலுக்கு ஓடுவீர்கள்.

இனி விலக்கும் முறைக்கு வருவோம்.

நம் ஊரைச் சுற்றி ரயில் தண்டவாளத்தைச் சாலை குறுக்கிடும் கேட்டுகள் பல உண்டு. சாலையும் தண்டவாளமும் குறுக்கிடுவதாலேயே மோதல் நேர்ந்துவிடாது. இரண்டும் ஒரே நொடியில் அவ்விடத்துக்கு வரவேண்டும். மாட்டுவண்டி சற்றே பிந்தினால் ரயில் போய்விடும். குறுங்கோளும் அவ்வாறே. அதன் பாதையும் பூமியின் பாதையும் ஓரிடத்தில் குறுக்கிடலாம். அந்த இடத்துக்கு அது வரும் நேரத்தை மாற்றினாலே போதும். பூமி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் விட்டம் 12,742 கிலோமீட்டர். ஆகவே தன் உடலளவு தூரத்தைக் கடக்கப் பூமிக்கு வேண்டிய நேரம் ஏழு நிமிடம். குறுங்கோளை ஏழு நிமிடம் தாமதிக்கச் செய்துவிட்டால், அது வந்து சேரும்போது நாம் அங்கே இல்லை.

அந்த ஏழு நிமிடத்தை எப்படிப் பெறுவது? இங்கேதான் கூடலூர் கிழாரின் ஏழு நாள் வருகிறது. மோதலுக்கு ஏழு நாளே உள்ளது என்று கொள்வோம். பூமியின் நடுவை நோக்கி வரும் கல்லை அதன் ஆரத்தளவு, அதாவது 6371 கிலோமீட்டர், ஒதுக்க வேண்டும். ஏழு நாளுக்கு நொடிகள் 6,04,800. வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் வேகத்தை மாற்றவேண்டும். ஒரு குன்றை ஓட்டப்பந்தய வீரனின் வேகத்துக்குத் தள்ளுவது போன்றது அது. மனிதனிடம் அதற்கான ஆற்றல் இல்லை. பத்து ஆண்டு இருந்தால்? பத்து ஆண்டுக்கு நொடிகள் முப்பத்தொரு கோடிக்கு மேல். நொடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் மாற்றினாலும் 3150 கிலோமீட்டர் சேர்கிறது. அதோடு நில்லாது. வேகம் மாறினால் சுற்றுப்பாதையின் அளவும் மாறும். சுற்றி வரும் காலமும் மாறும். அந்த விளைவையும் சேர்த்தால் ஏறத்தாழ மும்மடங்கு, 9500 கிலோமீட்டர். கல் பூமியைத் தொடாமல் போய்விடும். ஆயிரத்தில் ஒரு பங்கு விசை போதும்.

இதில் ஒரு முரண் உண்டு. போகும் திசையிலேயே கல்லை முன்னுக்குத் தள்ளினால் அது முந்தி வருவதில்லை, பிந்தி வரும். தள்ளப்பட்ட கல் பெரிய வட்டத்துக்கு ஏறிவிடுகிறது. பெரிய வட்டத்தைச் சுற்ற நெடுநேரமாகும். எதிரே நின்று தள்ளினால் சிறிய வட்டத்துக்கு இறங்கி முந்திக்கொள்ளும். முரண்தொடை கட்டுவோர்க்கு வானவியல் வஞ்சகம் செய்யவில்லை.

பத்து ஆண்டு என்பது நம் வட்டத்தின் வயது. முதற் கூட்டம் நடந்த நாளில் ஒரு கல்லைக் கண்டு, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், இன்று விழாக் கூட்டம் தடையின்றி நடந்துகொண்டிருக்கும். அதற்குள் எத்தனை கவியரங்கு, எத்தனை மனத்தாங்கல், எத்தனை சமாதானம்!

இது ஏட்டுக்கணக்கு என்று எண்ணவேண்டா, செய்து பார்த்தாயிற்று. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2021 நவம்பர் 24 அன்று 'டார்ட்' என்னும் கலத்தை ஏவியது. அதன் இலக்கு இரட்டைக் குறுங்கோள். பெரியது 'திதிமோசு', ஏறத்தாழ 780 மீட்டர். அதைச் சுற்றும் சிறியது 'திமோர்போசு', ஏறத்தாழ 150 மீட்டர்; நம் மலைக்கோட்டைக் குன்றைவிடச் சிறியது. எடை நாற்பது லட்சம் டன்னுக்கு மேல் என்பது மதிப்பீடு. இவை பூமியை மோத வருபவை அல்ல, பயிற்சிக்காகத் தேர்ந்தவை. இரட்டையைத் தேர்ந்ததில்தான் அறிவு இருக்கிறது. தனிக்கல்லின் வேகம் சிறிதே மாறினால் அதை அளக்கப் பல ஆண்டு காத்திருக்கவேண்டும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டையில் சுற்றும் நேரம் மாறியதா என்று சில நாளிலேயே பூமியிலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம். போக்சன் சென்னையில் கண்ட சில்வியாவுக்கும் இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது இந்த நூற்றாண்டில் தெரியவந்தது. அவருடைய தொலைநோக்கிக்கு அது ஒரு புள்ளி மட்டுமே.

2022 செப்டம்பர் 27, நம் நேரப்படி விடியற்காலை 4.44 மணிக்கு, ஏறத்தாழ 580 கிலோ எடையுள்ள அந்தக் கலம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் திமோர்போசை மோதித் தன்னை அழித்துக்கொண்டது. பூமியிலிருந்து அப்போது தொலைவு ஏறத்தாழ 1.1 கோடி கிலோமீட்டர். கடைசி நொடிவரை அது படம் அனுப்பியது. திரை முழுதும் கல்லும் பரலுமாய் நிறைந்து, இறுதிப் படம் பாதியில் அறுந்து நிற்கும். மோதலுக்கு முன் சிறியது பெரியதைச் சுற்ற எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 55 நிமிடம். பின்னர் 11 மணி 22 நிமிடம் அளவாயிற்று. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று வரையறுத்திருந்தார்கள். குறைந்தது ஏறத்தாழ 33 நிமிடம். இவ்வளவுக்கும் கல்லின் வேகம் மாறியது நொடிக்கு 2.7 மில்லிமீட்டர்தான். எறும்பு அதைவிட விரைந்து ஊரும்.

எதிர்பார்த்ததைவிட மிகுந்த பயன் கிடைத்ததற்குக் காரணம் கல்லின் இயல்பு. குறுங்கோள் என்றதும் நம் மலைக்கோட்டை போல ஒரே பாறையை நாம் கற்பனை செய்கிறோம். பல குறுங்கோள்கள் லாரியிலிருந்து கொட்டிய ஜல்லிக் குவியல் போன்றவை. தம் சிற்றீர்ப்பால் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. 2020 அக்டோபரில் 'பென்னு' என்னும் குறுங்கோளில் மண்ணெடுக்கச் சென்ற கலத்தின் கை, தரையில் நிற்காமல் அரை மீட்டர் அளவுக்கு உள்ளே அமிழ்ந்துபோனது. திமோர்போசிலும் மோதலின்போது ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட தூசும் பரலும் பின்புறமாகச் சீறியெழுந்தன. துப்பாக்கி சுட்டால் தோளை உதைப்பது போல, அந்தச் சீற்றமே கல்லைத் தள்ளியது. கலம் தந்த உந்தத்தைப் போல் மும்மடங்குக்கு மேல் மொத்த உந்தம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு கல்லும் இப்படியே நடந்துகொள்ளும் என்று உறுதி சொல்ல இயலாது. அதை நேரில் ஆராய ஐரோப்பியர்கள் 'ஈரா' என்னும் கலத்தை 2024 அக்டோபர் 7 அன்று அனுப்பினர்; 2026ஆம் ஆண்டின் இறுதியில் அது திமோர்போசைச் சேரும்படி பயணம் வகுக்கப்பட்டது.

மோதுவதைவிட மென்மையான வழிகளும் உண்டு. 2005இல் எட்வர்டு லூ, இசுடான்லி லவ் என்னும் இரு விண்வெளி வீரர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். இருபது டன் எடையுள்ள கலத்தைக் குறுங்கோளுக்கு அருகே நிறுத்தி வைப்பது. தொடவேண்டா, கட்டவேண்டா. கலத்தின் சிறிய ஈர்ப்பே கல்லை மெல்ல மெல்ல இழுக்கும். ஓராண்டு இழுத்துவிட்டு, இருபது ஆண்டு பொறுத்தால், இருநூறு மீட்டர்க் கல்லும் விலகிவிடும். தொடாமலே ஈர்க்கும் வித்தையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அகப்பாடல் படித்தவர்கள் நீங்கள்.

இன்னொன்று வெயில். சித்திரைப் பகலில் காய்ந்த நம் மலைக்கோட்டைப் பாறை, அந்தி சாய்ந்த பின்னும் அனல் வீசுவதை உணர்ந்திருப்பீர்கள். சுழலும் குறுங்கோளும் பகலில் வாங்கிய வெப்பத்தைத் தன் மாலைப் பக்கத்தில் உமிழ்கிறது. உமிழும் வெப்பம் கல்லை இம்மியளவு தள்ளுகிறது. யார்க்கோவ்சுகி என்னும் உருசியப் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் சொன்னார். பென்னுவின் பாதை இதனால் ஆண்டுக்கு 284 மீட்டர் சுருங்குவதாக அளந்திருக்கிறார்கள். கல்லின் நிறத்தை மாற்றினால், வெள்ளையடித்தால்கூட, இந்தத் தள்ளலைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பது ஒரு கருத்து. வானத்துக் கல்லுக்குச் சுண்ணாம்படிக்கும் காட்சி கேலிக்குரியது போலத் தோன்றும். கணக்கு அதைக் கேலி செய்யவில்லை. நூறாண்டுப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

அணுகுண்டைப் பற்றி ஒரு சொல். 2018இல் வந்த 'டிக் டிக் டிக்' என்னும் நம் தமிழ்ப் படத்தில், வரும் கல்லை அணு ஏவுகணையால் உடைக்கச் செல்கிறார்கள். படம் விறுவிறுப்பானது. ஆனால் உடைப்பது நல்ல வழியன்று. ஒரு குண்டுக்குப் பதில் பல சில்லுகள் வரும். அறிவியலார் எண்ணுவது வேறு: கல்லுக்குச் சற்றுத் தொலைவில் குண்டை வெடித்து, கல்லின் ஒருபக்க மேற்பரப்பை ஆவியாக்கி, அந்த ஆவியின் உதைப்பால் தள்ளுவது. பெரிய கல்லுக்கு, காலமும் குறைவாக இருந்தால், இதைத் தவிர வேறு வழி கிட்டாமற் போகலாம். ஆயின் 1963ஆம் ஆண்டு உடன்படிக்கை விண்வெளியில் அணுவெடிப்பைத் தடுக்கிறது. 1967ஆம் ஆண்டு உடன்படிக்கை சுற்றுப்பாதையில் அணுவாயுதம் வைப்பதைத் தடுக்கிறது. காலம் குறையக் குறையக் கருவி கொடியதாகிறது. இருபது ஆண்டு இருந்தால் ஈர்ப்பு, பத்து ஆண்டு இருந்தால் மோதல், ஒன்றிரண்டு ஆண்டே இருந்தால் அணு, ஏழு நாள் இருந்தால் ஊரைக் காலி செய்வது.

ஆகவே விலக்குதல் என்பது முதலில் காணுதல்தான். போக்சன் இருபத்துநான்கு ஆண்டில் ஐந்து கண்டார். 2025 ஜூனில் சிலி நாட்டு வேரா ரூபின் வானாய்வகம் தன் முதற் படங்களை வெளியிட்டது. ஏறத்தாழ பத்து மணி நேரப் பார்வையில் 2104 புதிய குறுங்கோள்கள் அவற்றில் கிடைத்தன. அவற்றுள் ஏழு பூமியின் அருகே வருபவை. பூமியை அணுகும் குறுங்கோள்களில் நாற்பதாயிரத்தை இப்போது அறிந்திருக்கிறோம். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அகப்பட்டுவிட்டன. 140 மீட்டர் அளவினவற்றில் பாதிக்கும் குறைவாகவே கண்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2024 ஜூலையில் இஸ்ரோ பெங்களூரில் இதற்கெனப் பயிலரங்கு நடத்தியது. கல்கித் திட்டத்தைத் தொடங்கிய நாடு இதில் பின்தங்கலாகாது என்பது என் ஆசை.

இனி நான் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். அது கல்லைப் பற்றியது அன்று, மனிதரைப் பற்றியது.

2024 டிசம்பர் 27 அன்று சிலியில் ஒரு குறுங்கோள் கண்டறியப்பட்டது. பெயர் '2024 ஒய்.ஆர். 4', அளவு ஏறத்தாழ 60 மீட்டர். 2032 டிசம்பர் 22இல் அது பூமியை மோதக்கூடும் என்ற வாய்ப்பு, 2025 பிப்ரவரி 18 அன்று நூற்றுக்கு 3.1 வரை ஏறியது. மோதினால் எங்கே? கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென்னமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தென்னாசியா வரை நீண்டது அந்த இடர்க்கோடு. நாளேடுகள் மும்பை, கொல்கத்தா என்று பெயர் சொல்லி எழுதின. சில நாளிலேயே மேலும் அளந்து, மோதல் இல்லை என்று தெளிவாயிற்று. நாம் மறந்தும்விட்டோம்.

மறக்கக்கூடாத ஒன்று அதில் இருக்கிறது. ஒரு கல்லைத் தள்ளும்போது அது ஒரே தாவலில் பூமியை விட்டு நீங்கிவிடுவதில்லை. வேகம் மாற மாற, வீழும் இடம் அந்த இடர்க்கோட்டின் வழியே நகர்ந்து நகர்ந்து சென்று, கடைசியில்தான் பூமியின் விளிம்பைத் தாண்டும். தள்ளுதல் பாதியில் நின்றால்? கலம் பழுதானால்? பணம் தீர்ந்துபோனால்? ஒரு நாட்டின்மேல் விழவிருந்த கல் இன்னொரு நாட்டின்மேல் விழும். அதுவரை எவரும் குற்றவாளி அல்லர், இயற்கை செய்தது. தள்ளியபின் அது மனிதன் செய்தது. நைஜீரியாவின் உழவனுக்கு வந்த சாவைக் கொங்கணத்து மீனவனுக்கு மாற்றும் உரிமை எவர்க்கு உண்டு? கலம் அனுப்ப வல்ல நாடுகள் சில; இடர்க்கோட்டின்கீழ் வாழும் மக்கள் பல கோடி. நாடுகள் கலந்துபேச ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில் 2014 முதல் ஆலோசனைக் குழு ஒன்று இயங்குகிறது. ஆனால் ஆணையிடும் அதிகாரம் எவர் கையிலும் இல்லை. இயற்பியலார் தம் பங்கைப் பெரும்பாலும் முடித்துவிட்டனர். எஞ்சியிருப்பது அறம் பற்றிய வழக்கு. அதில் சொல் சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. கல்லை ஊழென்று பாடிவிட்டால் இந்தக் கேள்வியை எழுப்பவே வழியில்லாமற் போகும். அதனால்தான் கவிதைகளில் வரும் அந்த உவமையோடு எனக்கு வழக்கு.

கடைசியாக ஒரு செய்தி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தின்றது. அதற்கு மறுநாள், உலகம் இங்கே பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, 'அப்போபிசு' என்னும் குறுங்கோள் 2029இல் பூமியை மோதும் வாய்ப்பு முப்பத்தேழில் ஒன்று என்று கணக்கிடப்பட்டது. எவர் கவனித்தார்கள்? அதே நாளில், அவ்வாண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அக்கல்லின் தடம் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பழைய பதிவே 2029இல் மோதல் இல்லை என்று காட்டிவிட்டது. முன்னமே எவரோ குறித்து வைத்திருந்தது உதவிற்று.

அந்த அப்போபிசு, ஏறத்தாழ 340 மீட்டர் அளவினது, 2029 ஏப்ரல் 14 அன்று, நம் கணக்கில் சித்திரை முதல் நாள், பொழுது புலருமுன் 3.16 மணியளவில், பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர்த் தொலைவில் கடந்து செல்லும். தொலைக்காட்சிக்கு உதவும் துணைக்கோள்களின் உயரத்தைவிடவும் அது தாழ்வு. கிழக்கு அரைக்கோளத்து மக்கள் பலர் தொலைநோக்கியின்றியே ஒரு மீன் நகர்வது போல அதைக் காண்பார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து வெளியில், ஊர் விளக்குகள் எட்டாத இடத்தில், வட்டத்தின் அந்த ஆண்டுச் சித்திரைக் கூட்டத்தை முன்னிரவே தொடங்கி வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரிடம் இப்போதே விண்ணப்பித்துக்கொள்கிறேன். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வருக. கடிகாரம் நான் கொண்டு வருகிறேன்.